தங்கையின் முகத்தை அழித்தது குங்குமம் அல்ல

எங்கள் ஆய்வகத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஒரு படத்தப் பத்தி எழுதுங்க சார், கொஞ்சம் சுவாரசியமா" என்றார்கள். நானும் நாளைக்கு, மறுநாளைக்கு என்று தட்டிக்கழித்து வந்தேன். போன வாரம் காரைக்காலில் அந்தப் பலகையைப் படித்தேன். வீட்டுக்கு வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். கோபமாக இருக்கும்போது எழுத வேண்டாம் என்கிறாள் என் மனைவி. கோபம் ஆறிவிட்டால் நான் எழுதவே மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும்.

ஓர் ஓவியத்துக்குக் கீழே மாட்டியிருக்கும் அந்தப் பலகையில் இருப்பது இதுதான்: "பண்டைய ரோமாபுரிக் காட்சியைச் சித்திரிக்கும் இவ்வோவியம், அலுவலக ஊழியர்களின் அறியாமையால் குங்குமம் பூசப்பட்டுச் சிதைந்த நிலையில், வல்லுநர் திரு. சந்தானம் அவர்களால் மீட்டெடுக்கப்பட்டது." தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பொறித்து வைத்திருக்கிறார்கள். மூன்று மொழியிலும் அதே பொய்தான்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அசல் ஓவியம் பாரீசில் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குச் சில வருடங்களுக்கு முன் வரையப்பட்டது. காரைக்காலில் இருப்பது அதன் நகல். நகல் என்றாலும் கைதேர்ந்த ஒருவர் எண்ணெய் வண்ணத்தில் எழுதியது. பிரெஞ்சு அதிகாரி யாரோ கப்பலில் கொண்டுவந்து தன் அலுவலகக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் போனபோது மேசை, நாற்காலி, கடிகாரம் எல்லாவற்றையும் யார் எடுத்துக்கொள்வது என்று பேசித் தீர்த்தவர்கள் இதை மட்டும் மறந்துவிட்டார்கள். அது அங்கேயே சுவரில் தங்கிவிட்டது.

நடுவில் சிவப்பு அங்கி போட்ட ஒரு கிழவர் மூன்று வாள்களைச் சேர்த்து உயர்த்திப் பிடித்திருக்கிறார். இடது பக்கம் அவருடைய மூன்று பிள்ளைகள் காலை அகட்டி நின்று, அந்த வாள்களை நோக்கிக் கையை நீட்டிச் சத்தியம் செய்கிறார்கள். வெற்றி, இல்லாவிட்டால் சாவு. ரோமுக்கும் பக்கத்து ஊருக்கும் சண்டை. இந்தப் பக்கம் மூன்று சகோதரர்கள், அந்தப் பக்கம் மூன்று சகோதரர்கள் மோதி முடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. வலது மூலையில் பெண்கள் சரிந்து உட்கார்ந்து அழுகிறார்கள். வெள்ளை உடுத்திய பெண் இந்தச் சகோதரர்களுக்குத் தங்கை. அவளை எதிரிச் சகோதரர்களில் ஒருவனுக்குத்தான் நிச்சயம் செய்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் மருமகள் எதிரி வீட்டில் பிறந்தவள். யார் ஜெயித்தாலும் இந்த இரண்டு பேருக்கும் ஒரு சாவு உண்டு.

எங்கள் அலுவலகங்களில் இதற்கு இருந்த பெயர் 'கத்திப் படம்'.

நான் காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்துக்காரன். வேதியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, பழம்பொருட்களைப் பாதுகாக்கும் பயிற்சி என்று ஒன்று இருப்பதாகத் தெரிந்து வடக்கே போனேன். சப்பாத்தியும் குளிரும் இந்தியும் பழகின. பஞ்சு சுற்றிய குச்சியைப் படத்தின் மேல் தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும் என்ற ஒன்றை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி கற்றுக்கொண்டேன். திரும்பி வந்து புதுச்சேரி ஆய்வகத்தில் சந்தானத்தின் கீழே சேர்ந்தேன்.

சந்தானத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும் என்று பார்க்கிறேன். வெண்கலச் சிலைகளில் அவர் கை நல்ல கை. பச்சை பிடித்துப்போன நடராஜர்களை அவர் சுத்தம் செய்து நிறுத்தியதைப் பார்த்து நானே கும்பிட்டிருக்கிறேன். ஆனால் அவருக்கு எல்லாமே வெண்கலம்தான். துணிமேல் எழுதிய ஓவியத்தையும் அவர் பாத்திரம் மாதிரியே பார்த்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் கறுப்பு நாடாவில் தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. படத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணைச் சுருக்கி, "பளிச்சுனு இல்லையேப்பா" என்பார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலையும் அவரே சொல்வார். பையில் எப்போதும் ஒரு பழுப்பு நிறக் குப்பி இருக்கும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாரிடமும் சொல்ல மாட்டார். 'என் கலவை' என்பார். மூக்கிருப்பவனுக்கு அதில் அம்மோனியா இருப்பது தெரியும்.

பிரான்சிலிருந்து பெரிய விருந்தாளி ஒருவர் வரப்போகிறார், அந்தக் கூடத்துக்கும் வருவார் என்று செய்தி வந்தபோதுதான் கத்திப் படத்தைச் சுத்தம் செய்யும் உத்தரவும் வந்தது. சந்தானம் என்னைக் காரைக்காலுக்கு அனுப்பினார். படத்தை இறக்கி இரண்டு மேசைகளைச் சேர்த்துப் படுக்கவைத்தேன். வாள்கள் மூன்றும் செக்கச்செவேல் என்று இருந்தன. முதலில் ரத்தம் வரைந்திருக்கிறார்களோ என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் குங்குமம். அடியில் காய்ந்த சந்தனம், அதற்கும் அடியில் பழைய குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு வைக்கிறதுங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அப்படித்தான் தையல்நாயகி எனக்கு அறிமுகம். அந்த அலுவலகத்தின் உதவியாளர். அம்பகரத்தூர்க்காரர். கணவர் அதே அலுவலகத்தில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோக, அந்த வேலை இவருக்கு வந்தது. ஒரே மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளை நர்சிங் சேர்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த அம்மா தனக்காக எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

"படத்துக்கு எதுக்கும்மா ஆயுத பூஜை?" என்று கேட்டேன்.

"டைப்ரைட்டருக்கு வைக்கிறோம், பீரோவுக்கு வைக்கிறோம், ஜீப்புக்கு வைக்கிறோம். ஆபீசுல நெசமான ஆயுதம்னு இருக்கிறது இந்த மூணு கத்திதாங்களே சார். எங்க வூட்டுக்காரர் வச்சாரு, அவருக்கு முன்னாடி இருந்தவரும் வச்சாரு. நான் மட்டும் வுட்டுட்டா நல்லா இருக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்பகரத்தூரில் காளியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு வாளைக் கண்டால் குங்குமம் வைக்காமல் கை நிற்காது. தவிர, அதனால் கெட்டது ஒன்றும் இல்லை. படத்தின் மேல் பழைய வார்னிஷ் நல்ல கனமாக இருந்தது. குங்குமமும் சந்தனமும் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தன. வண்ணத்தைத் தொடவே இல்லை. நெற்றியில் வைத்ததைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிடலாம்.

எதால் துடைப்பது என்பதில்தான் எங்களுக்குள் முதல் தகராறு. இந்தத் தொழிலில் மென்மையான அழுக்குக்கு மிகச் சிறந்த திரவம் எச்சில். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். பஞ்சுக் குச்சியை நாக்கில் தொட்டு வாளின் மேல் உருட்டினேன். தையல்நாயகி கையிலிருந்த தேநீர்க் குவளையை அப்படியே கீழே வைத்தார்.

"பூஜையில வச்ச குங்குமத்த எச்சியால தொடைக்கிறீங்களே சார்."

எத்தனை விளக்கம் சொல்லியும் முகம் தெளியவில்லை. கடைசியில் நான் இறங்கிவந்து, வெதுவெதுப்பான வெந்நீரில் பஞ்சை நனைத்து உருட்ட ஆரம்பித்தேன். வேலை கூடுதலாக இழுத்தது. ஆனால் அந்த அம்மாவே வெந்நீர் வைத்துக் கொடுத்தார். கறை தெரிந்த பஞ்சை உடனே போட்டுவிட்டுப் புதுப் பஞ்சு சுற்ற வேண்டும். போட்ட பஞ்சுகளை எந்த இடத்தைத் துடைத்தவை என்று பிரித்துப் பழைய அல்வாப் பெட்டிகளில் போட்டு வைப்பது என் வழக்கம். பஞ்சில் சிவப்பும் பழுப்பும் வரும்வரை வருவது அழுக்கு. ஓவியத்தின் நிறம் தெரிந்தால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும்.

வாள்கள் வெளிவந்தன. வெள்ளி நிறத்தில், ஒன்றின் நுனியில் சின்ன வெளிச்சம்கூட இருந்தது. தையல்நாயகி பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்குங்களே" என்றார். பிறகு வலது மூலையைக் காட்டி, "இவங்கள்லாம் எதுக்கு அழுவுறாங்க?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். கடைசியில் ஓர் அண்ணன் மட்டும் உயிரோடு திரும்பி வருகிறான், செத்துப்போன மாப்பிள்ளைக்காக அழுதாள் என்று சொந்தத் தங்கையையே அவன் குத்திக் கொன்றுவிடுகிறான் என்பதையும் சொன்னேன்.

"இவ்வளவு பேரு கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, அந்தப் பொண்ண விட்டுட மாட்டோம்னு ஒருத்தனும் சத்தியம் பண்ணலையா?" என்றார். வெந்நீர் ஆறிவிட்டது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

தங்கையின் முகத்தை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். நகல் எழுதியவர் வாள்களையும் சுவரையும் கனமான வண்ணத்தில் எழுதிவிட்டு, அந்த முகத்தை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகளால் முடித்திருந்தார். மூடிய இமையின் நிழல், கன்னத்தின் வெளிறிய நிறம், எல்லாம் மூச்சு பட்டாலே போய்விடும் அளவுக்கு மெல்லிசு. அதன் மேலிருந்த வார்னிஷை எப்படி மெலிதாக்குவது என்று ஓரத்தில் சோதனை செய்துகொண்டிருந்தேன். சோதனை முடியாமல் கை வைக்கக் கூடாது.

அப்போதுதான் சந்தானம் வந்து இறங்கினார். பத்தடி தள்ளி நின்றார். கண்ணைச் சுருக்கினார்.

"கத்தி பளிச்சுனு இருக்கு. பொம்பளைங்க பக்கம் மங்கலா இருக்கே. என்ன பண்ணிக்கிட்டிருக்க கலியபெருமாள்? தூங்கிட்டிருக்கியா? ஆமா, தூங்கிட்டுத்தான் இருக்க."

முகத்தின் பூச்சு மெல்லியது, சோதனை முடியவில்லை, இந்த மூலையை இப்படியே விட்டாலும் விருந்தாளிக்குத் தெரியப்போவதில்லை என்று சொன்னேன். காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. புதுச்சேரி பஸ்ஸில் புதுச் சட்டகத்துக்கான ஆணிகள் வருகின்றன, போய் வாங்கிவா என்றார். பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். அப்படி ஒரு பொட்டலமே யாரும் அனுப்பவில்லை.

திரும்பி வந்தபோது கூடம் முழுக்க அம்மோனியா வாடை. மேசையின் மேல் பழுப்புக் குப்பி திறந்திருந்தது. தையல்நாயகி கையில் ஒரு பீங்கான் கிண்ணத்தோடு சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தங்கைக்கு முகம் இல்லை. துணியின் இழை தெரிய ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அழுத்தித் தேய்த்த பஞ்சு போன வட்டம் வட்டமான தடம் அதில் அப்படியே பதிந்திருந்தது.

சந்தானம் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே, "குங்குமம் அரிச்சிருக்கு. வண்ணம் முன்னாடியே செத்துப்போயிருக்கு. தொட்டதும் உதிர்ந்துடுச்சு" என்றார்.

நான் என் வாழ்நாளில் மேலதிகாரி முன் குரலை உயர்த்தியது அன்று ஒருநாள்தான். அந்த முகத்தில் குங்குமம் இருந்ததே இல்லை என்றேன். "நீ இன்னும் நாலு வருஷம் என்கிட்ட வேலை பாக்கணும், ஞாபகம் வச்சுக்க" என்றார்.

யாராவது ஒருவர் பலியாக வேண்டுமே. ஊழியர் ஒருவர் மூடநம்பிக்கையால் அரசுச் சொத்தைப் பாழாக்கிவிட்டார் என்று சந்தானம் மேலே சொன்னார். விசாரணைக்குப் புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அதே கூடத்தில், அதே படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சந்தானம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தையல்நாயகியும் நானும் நின்றோம்.

"குங்குமம் வச்சது நீதானே?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாங்கய்யா. நான்தான் வச்சேன். கத்திக்கு வச்சேன்."

"முகத்துலயும் வச்சிருக்க."

"இல்லைங்கய்யா. அழுவுற பொண்ணு நெத்தியில யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? எழவு வூட்டுல போயி குங்குமச் சிமிழ நீட்டுற மாதிரில்ல இருக்கு. எங்க ஊருல சின்னப் புள்ளகூட அதச் செய்யாது."

"அப்ப முகம் எப்படிப் போச்சு?"

"பெரிய சார் தொடைச்சாங்க. கிண்ணத்த நான்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

நான் என் அல்வாப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்தேன். வாளைத் துடைத்த பஞ்சு சிவப்பு. சந்தானம் குப்பையில் போட, நான் எடுத்துவைத்த பஞ்சுகளில் வெள்ளையும் வெளிறிய ரோஜா நிறமும் மட்டும்தான் இருந்தன. மருந்துக்குக்கூட ஒரு துளி குங்குமம் இல்லை. குழந்தைக்குக் காட்டினாலும் புரியும். அந்த அதிகாரி ஒரு பஞ்சைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. "இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?" என்று சந்தானத்தைக் கேட்டார். குற்றம் யார்மேல் சொல்லப்படுகிறதோ அவரிடமே தீர்ப்பைக் கேட்டால் வேறென்ன கிடைக்கும்?

தையல்நாயகியை ஏனாமுக்கு மாற்றினார்கள். காரைக்காலில் வேலை பார்ப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஆந்திராவுக்குள் இருக்கும் புதுச்சேரியின் ஒரு துண்டு நிலம். ரயில் ஏறி, இறங்கி, பஸ் மாறிப் போக வேண்டும். அந்த அம்மாவுக்குத் தெலுங்கில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. மகளை அம்பகரத்தூரில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அந்த வருடப் பரீட்சையில் அவள் தேறவில்லை. நர்சிங் பேச்சு அத்தோடு முடிந்தது. தையல் மிஷின் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்கள். என்னைக் கல்வெட்டுப் படியெடுக்கும் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். அது எனக்குப் பெரிய தண்டனை ஒன்றும் இல்லை, ஊர் ஊராகப் போய் நல்ல சாப்பாடு சாப்பிட்டேன். தண்டனை முழுவதையும் அந்த அம்மாதான் அனுபவித்தார்.

முகத்தைச் சந்தானமே திரும்ப எழுதினார். அதை முகம் என்று சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. காலண்டர் பொம்மைக்கு இருக்கிற மாதிரி வில் புருவம், உதட்டில் சாயம். வீடே இழவுக்குக் காத்திருக்கும்போது அவள் மட்டும் மத்தியானத் தூக்கம் போடுகிறாள். விருந்தாளி வந்தார், கூடத்தில் நின்று காப்பி குடித்தார், போனார்.

இப்போது அந்தக் கட்டடத்தைச் சீர்செய்து காட்சிக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சந்தானம் முதல் வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது, ஆனால் சட்டை அதே வெள்ளை. அன்றுதான் பலகையைப் படித்தேன். பொறுப்பில் இருந்த இளம் அதிகாரியிடம் போய், இது பொய், எடுங்கள் என்றேன். அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "யார் பேரும் போடலையே சார். ஊழியர்கள்னு பொதுவாத்தானே இருக்கு. யாரும் வருத்தப்பட மாட்டாங்க" என்றார்.

நேரே பஸ் ஏறி அம்பகரத்தூர் போனேன். தையல்நாயகி ஓய்வு பெற்று மகளோடு இருக்கிறார். பலகையில் இருந்ததைச் சொன்னேன். சொல்ல வேண்டாமோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனவன்தான். ஆனால் தன்னைப் பற்றி ஊர் மத்தியில் எழுதி வைத்திருப்பது ஒருவருக்குத் தெரியாமல் இருப்பது எந்த வகையில் நியாயம்? அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு நானும் வர்றேன் சார்" என்றார்.

மறுநாள் மகளும் கூட வந்தாள். தையல்நாயகி பலகை முன் நின்று, எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தார். இளம் அதிகாரி நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"தம்பி, ஊழியர்கள்னு போட்டிருக்கீங்களே, யாரு?"

"பொதுவாத்தாம்மா. யாரையும் குறிப்பிடல."

"குங்குமம் வச்சது நான். என் வூட்டுக்காரரு வச்சாரு, அவருக்கு முன்னாடி இருந்தவரும் வச்சாரு. நாங்க யாரும் இல்லேன்னு சொல்லல. அத ஏன் பொதுவா போடணும்? கத்திக்குக் குங்குமம் வச்சது அம்பகரத்தூர் தையல்நாயகின்னு என் பேரு போட்டே எழுதுங்க. எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல. அதுக்குக் கீழயே, அந்தப் பொண்ணு மூஞ்சிய அழிச்சது யாருன்னு அவரு பேரையும் எழுதுங்க. படிக்கிறவங்க பாத்துக்கட்டும்."

அதிகாரி மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலே என்றால் யார் என்று எனக்குத் தெரியும். காட்சிக்கூடத்தை நடத்தும் குழுவுக்கு ஆலோசகர் சந்தானம்.

எனவே மலர் கேட்ட பிள்ளைகளே, சுவாரசியமாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஒரு வரியும் வெட்டாமல் அச்சிடுங்கள். காரைக்கால் கத்திப் படத்தில் வாள்களுக்குக் குங்குமம் வைத்தவர் அம்பகரத்தூர் தையல்நாயகி. தங்கையின் முகத்தை அழித்தவர் சந்தானம்.